ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

"அது என்ன தலைவலியோ, காலண்டரைப் பார்த்துட்டு வருது. திங்கக்கிழமை வராது, செவ்வாக்கிழமை வராது. ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா மட்டும் டாண்ணு வந்து நிக்குது."

சாந்தகுமாரி சமையலறையில் நின்று சொன்னாலும், சொன்னது படுக்கையறைக் கதவுக்குத்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவளுடைய மருமகள் தாரணி, ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை அடைத்துவிட்டு, தலையின் இடப்பக்கத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டு கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கதவிடுக்கு வழியாக வெங்காயம் வதங்கும் வாசனை வரும்போதெல்லாம் வாளியை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"குக்கர் விசில் அடிக்கப் போகுது. காதைப் பொத்திக்கச் சொல்லுங்க. மண்டை வெடிச்சுடப் போகுது."

ஒற்றைத் தலைவலி வந்த நேரத்தில் காது இரட்டிப்பாகத் திறந்துகொள்ளும் என்பது அது வராதவர்களுக்குத் தெரியாது. தாரணிக்கு எல்லாம் கேட்டது. கூடத்தில் கணவனின் சித்தப்பா குடும்பம் உட்கார்ந்து சோபாவை நெரிப்பது கேட்டது. "பாவம், உடம்புக்கு முடியலையாக்கும்" என்று சித்தி இழுத்த இழுப்பில் இருந்த சிரிப்பும் கேட்டது. 'வெடிச்சா நீங்கதான் கூட்டணும் அத்தை' என்று ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தால் பதிலோடு மற்றதும் வந்துவிடும் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

தாரணிக்கு முப்பத்தாறு வயது. முசிறிப் பெண். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். வகுப்பில் இருந்ததே இரண்டு பெண்கள். மற்றவள் பாதியில் கல்யாணம் ஆகிப் போய்விட, இவள் மட்டும் முடித்தாள். துறையூர்க்காரனான பாலகுமாரைக் கட்டிக்கொண்டு பெங்களூர் வந்தாள். அவன் லிப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான்; ராஜாஜிநகர், மல்லேஸ்வரம் பக்கத்து அபார்ட்மெண்டுகளில் நடுவழியில் நின்றுபோகும் லிப்டுகளிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு அவர்களிடம் திட்டு வாங்குவது அவன் பிழைப்பு. தாசரஹள்ளியில் மாடி வீடு. மகள் சஹானா நாலாவது படிக்கிறாள்.

தாரணி வேலை பார்ப்பது பீன்யாவில், உலோகப் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் ஒரு தொழிற்சாலையில். மீட்டர் பெட்டிகளும் மின்விசிறி மூடிகளும் சாயம் ஏறி, அடுப்பில் வெந்து, கொக்கியில் தொங்கியபடி வரிசையாக நகர்ந்து வரும். கண்ணைக் கூசும் டியூப்லைட்டுகளின் கீழ் நின்று அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு துளை, மயிரிழைக் கீறல், ஆரஞ்சுத் தோல்போல ஒரு சொரசொரப்பு, இவற்றில் எது இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர். அவள் சிவப்பு ஒட்டிவிட்டால் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அந்தப் பெட்டி வண்டி ஏறாது. வீட்டில் அவள் சொல்லி ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை. அந்த வேலையை அவள் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

தலைவலி கல்லூரி நாளிலேயே இருந்தது. இங்கே வந்து கூடியது. கண்ணோரத்தில் முதலில் ரம்பப் பல் போல ஒரு வெளிச்சக் கோடு நெளியும். அது மறைந்ததும் இடப்பக்கம் பாதித் தலையை யாரோ உள்ளிருந்து சுத்தியலால் தட்டத் தொடங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் வருவதுதான் அதன் பெரிய குற்றம். நரம்பு டாக்டர் இதற்குக் காரணம் சொல்லியிருந்தார்: வாரம் முழுக்க இறுகிக் கிடக்கும் உடம்பு விடுமுறை நாளில் தளரும்போது சிலருக்கு இப்படி வரும், தூங்கி எழும் நேரம் மாறினாலும் வரும். பாலகுமார் கூடவே உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சுருக்கிச் சொன்னான்.

"லீவு நாள்ல வர்ற தலைவலியாம்மா."

சாந்தகுமாரி அன்று முழுக்கச் சிரித்தாள். அண்டை வீட்டில் சொல்லிச் சிரிக்க ஆளில்லாததால் துறையூருக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

அண்டை வீட்டில் ஆளில்லை என்றால், தமிழ் ஆளில்லை என்று அர்த்தம். புருஷன் இறந்தபின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மகனிடம் வந்தவள். காலையில் மூவரும் மூன்று திசையில் போய்விட்டால், சஹானா திரும்பும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வந்த புதிதில் கீழ்வீட்டு லட்சுமம்மா வாசலில் நின்று வாய் நிறைய "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டதில் முகம் சிவந்து மேலே வந்தவள், இரண்டு நாள் படியிறங்கவில்லை. பன்னி என்றால் கன்னடத்தில் வாங்க என்று தாரணிதான் விளக்கினாள். விளக்கம் புரிந்தது, ஆத்திரம் ஆறவில்லை. ஒருத்தியை வீட்டுக்குக் கூப்பிட அந்தச் சொல்தானா கிடைத்தது என்பது அவள் வாதம். ஊரில் கேபிள்காரன், பால்காரன், பஞ்சாயத்து மெம்பர் என்று ஒருவர் விடாமல் வாதாடிப் பழகியவளுக்கு, இங்கே சண்டை போடக்கூட மொழி தெரிந்த ஆள் மருமகள் ஒருத்திதான். அவளும் பகலெல்லாம் பீன்யாவில்.

அந்த ஞாயிறு, சித்தப்பா குடும்பம் கறிச்சோறு தின்றுவிட்டுக் கிளம்பிய பிறகு, பாலகுமார் படுக்கையறைக்கு வந்து லைட்டைப் போட்டான். தாரணி கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"லைட்டை அணைங்க."

"அணைக்கறேன். நான் சொல்றதைக் கேளு. வேலையை விட்டுடு."

"ஏன்?"

"ஏன்னா? டியூப்லைட்டு, சாய வாசனை, நின்னுக்கிட்டே இருக்கிறது. இதுலதான் வருது உனக்கு. வீட்ல இருந்தா சரியாயிடும். அம்மாவுக்கும் துணையாச்சு."

"அங்க இருக்கும்போது வரலை. இங்க இருக்கும்போதுதான் வருது. அப்ப எதை விடணும்?"

பாலகுமாருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "இப்படியே பேசிட்டிரு" என்றான்.

தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருக்கும் காந்தாதான் அக்குபங்சர் யோசனையைச் சொன்னவள். அவளுடைய அக்காவுக்கு மாதத்தில் பாதி நாள் வந்துகொண்டிருந்தது, இப்போது அவ்வப்போதுதான் வருகிறதாம். தாரணி அதை வீட்டில் சொன்னாள். பாலகுமார் யோசித்து, பெரிய மனது பண்ணுகிறவனைப்போல ஒப்புக்கொண்டான்.

"சரி, பாரு. அதுலயும் கேக்கலைன்னா வேலையை எழுதிக் கொடுத்துடணும். அப்புறம் ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது."

தாரணி தலையாட்டினாள். வேறு வழி தெரியவில்லை.

"நானும் வரேன்" என்றாள் சாந்தகுமாரி. "ஊசி குத்துறாங்களா, உக்காத்தி வெச்சுக் கதை பேசுறாங்களான்னு பாக்கணும்ல."

தாரணி அரை நாள் லீவு போட்ட சனிக்கிழமை இருவரும் போனார்கள். மல்லேஸ்வரத்தில் ஒரு குறுக்குத் தெருவில், காப்பிப்பொடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த மருத்துவ நிலையம். மனித உடம்பு முழுக்கக் கோடும் புள்ளியுமாக ஒரு படம் சுவரில் தொங்கியது. அதற்குக் கீழே பெஞ்சில் நாலைந்து பேர். வைத்தியர் கிருஷ்ணப்பாவுக்கு அறுபது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. பேச வரும் கன்னடத்தையும் சிக்கனமாகவே செலவு செய்தார்.

தாரணிக்குக் கன்னடம் பீன்யா தந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், வாந்தி உண்டா, என்ன மாத்திரை என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

"நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார் அவர் கன்னடத்தில். "இது அதோட சேர்ந்து. நல்லா ஆனா அவரே குறைப்பாரு. மந்திரம் மாயம் எதிர்பார்த்து வந்திருந்தா இப்பவே எழுந்து போயிடலாம்."

"எதிர்பார்க்கலை."

"சந்தோஷம். கையை நீட்டுங்க."

திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலில் அவளைப் படுக்க வைத்தார். இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதைமேட்டில் ஒவ்வொன்று. இரண்டு பாதங்களிலும் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒவ்வொன்று. ஊசி தலைமுடிபோல இருந்தது. குத்தியது தெரியவில்லை. அவர் அதை இரண்டு விரலால் உருட்டியபோதுதான், உள்ளே எங்கோ ஆழத்தில் கனமாக ஒன்று இழுபட்டது. வலி என்று சொல்ல முடியாது, வலி இல்லை என்றும் சொல்ல முடியாது. "கண்ணை மூடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார். வெளியே அத்தையின் குரல் ஏதோ கேட்டது. அவருடைய குரல் ஏதோ சொன்னது. மேலே பழைய மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்ததில் ஒரு சொல்லும் இவளுக்கு வந்து சேரவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு, பகலில், ஒன்றும் செய்யாமல், தலைவலியும் இல்லாமல் படுத்திருந்தாள்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் சாந்தகுமாரி ஒரு வார்த்தை பேசவில்லை. அது தாரணிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி தாசரஹள்ளி வரைதான்.

பாலகுமார் கூடத்தில் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். சாந்தகுமாரி செருப்பைக்கூட விடாமல் ஆரம்பித்தாள்.

"பாத்தாச்சு. நாலே நாலு ஊசி. தலைவலிக்குத் தலையில ஒண்ணு குத்தலை. கையிலயும் கால்லயும் சும்மா பேருக்குச் செருகிட்டு வந்தாரு. எனக்கு மனசு கேக்கலை. நேரா கேட்டுட்டேன், ஏன் சார், நாலுதானா, தலையில குத்தலையான்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'இவருக்கு இது சாக்கு'ன்னாரு."

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த தாரணி அப்படியே நின்றாள்.

"சாக்குன்னா சொன்னாரு?" என்றான் பாலகுமார். "அவருக்குத் தமிழ் வருமா?"

"நான் தமிழ்லதானே கேட்டேன்? அவரும் தமிழ்லதான்டா சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன். பெஞ்சில அத்தனை பேரு இருக்காங்க. வாயில பொய் வந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். வைத்தியனே சொல்லிட்டான், இவளுக்குத் தலைவலி ஒரு சாக்குன்னு. நான் இத்தனை நாளா சொன்னா மாமியார்க்காரி சொல்றா. இப்ப?"

"அத்தை, அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

மாமியாரைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். பொய் சொல்கிறவள் என்று சொல்ல முடியாது. வெட்டுவாள், குத்துவாள், உள்ளதைக் கொண்டுதான் குத்துவாள். அப்படியானால் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். தன்னிடம் தமிழே பேச வராதவர்போல் கன்னடத்தில் மாத்திரையை நிறுத்தாதே என்று கரிசனமாகப் பேசிவிட்டு, வெளியே போய் மாமியாரிடம் தமிழிலேயே சொல்லியிருக்கிறார். நினைக்க நினைக்க, ஊசி குத்தின இடங்கள் இப்போதுதான் வலித்தன.

"நான் வேற என்னம்மா சொல்ல?" என்றான் பாலகுமார். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் முதல் வரிசை அடுப்பிலிருந்து வருவதற்குள், ஷிப்ட் பொறுப்பாளர் சுனில் அவள் மேசைக்கு வந்தார்.

"ஏனம்மா, கெலசா பிட்தீரந்தெ?" வேலையை விடுகிறீர்களாமே என்று கேட்டார். குரலில் வருத்தத்தைவிட எரிச்சல் அதிகம். "உங்க வீட்டுக்காரர் காலையில போன் பண்ணினாரு. மாசக் கடைசியோட நிப்பீங்கன்னாரு. நீங்களே சொல்லியிருக்கலாமே? லைன் லீடர் பதவிக்கு உங்க பேரைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

தாரணியின் கையில் ஒரு மீட்டர் பெட்டி இருந்தது. அதன் மூலையில் துளை இருந்தது. சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினாள். எடுத்த வேகத்தில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு இன்னிக்கு ஒரு நாள் டைம் கொடுங்க சார்" என்றாள். "வேற ஆளைப் போட்டுடாதீங்க."

"நாளைக்குக் காலையில சொல்லணும். வீட்டுக்காரர் ஒண்ணு, நீங்க ஒண்ணுன்னு என்னை நடுவுல நிக்க வெக்காதீங்க."

ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் திசைக்கு எதிர்த்திசை மெட்ரோ ஏறினாள். கிருஷ்ணப்பாவின் படிகளில் ஏறும்போதே என்ன கேட்பது என்று கன்னடத்தில் அடுக்கி வைத்துக்கொண்டாள். உள்ளே பெஞ்ச் நிறைய ஆட்கள். யாரையும் பார்க்காமல் நேராக அவர் மேசைக்குப் போனாள். பேச்சு கன்னடத்தில் நடந்தது.

"எங்க அத்தைகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

கிருஷ்ணப்பா ஒரு கிழவரின் காதில் சின்ன ஊசி ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "டோக்கன் எடுத்தீங்களா?"

"நான் ஊசிக்கு வரலை. எனக்குத் தலைவலின்னு சொல்லித்தானே உங்ககிட்ட வந்தேன்? அதைப் பொய்னு நினைச்சா என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றதுக்கென்ன? வெளியே போய் அவங்ககிட்ட சொன்னா எப்படி? உங்க ஒரு வார்த்தையில என் வேலை போகுது."

பெஞ்சில் இருந்தவர்கள் ஆர்வமாகத் திரும்பினார்கள். கிழவர்கூடக் காதில் ஊசியோடு திரும்பப் பார்த்தார். கிருஷ்ணப்பா அவர் தலையைப் பிடித்து நேராக்கினார்.

"எந்த அத்தை?"

"சனிக்கிழமை கூட வந்தாங்களே."

"ஓ, நாலு விரலைக் காட்டிச் சண்டைக்கு வந்தாங்களே, அந்தம்மாவா? நாலு ஊசிதானா, தலையில குத்தலையான்னு கேட்டாங்க. பதில் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"என்ன பதில்?"

"வேற என்ன? 'தலெகெ ஆமேலெ. ஈக இவரிகெ இது சாக்கு.'"

தலைக்கு அப்புறம். இப்போது இவருக்கு இது போதும்.

போதும் என்பதற்குக் கன்னடத்தில் சாக்கு. கடைக்காரனிடம், பஸ் கண்டக்டரிடம், கேண்டீனில் சோறு போடுகிறவனிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை அவளே அதைச் சொல்கிறாள். சொல்லும்போது அந்த 'க்' கொஞ்சம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 'இவரிகெ இது சாக்கு' என்று அவர் சொன்னதை எந்தத் தமிழ்க் காதும் 'இவருக்கு இது சாக்கு' என்றுதான் கேட்கும். கன்னடமே தெரியாத சாந்தகுமாரிக்கு அந்த முழு ஊரிலும் சுத்தமாகப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான். அதனால்தான் தமிழில் சொன்னார் என்று சத்தியம் செய்தாள்.

தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தாரணி விளக்கினாள். பெஞ்சில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிருஷ்ணப்பா சிரிக்கவில்லை.

"பொய்த் தலைவலிக்கு ஊசி குத்த எனக்கு என்ன வேலை இல்லையா? அந்தம்மாவுக்குக் கன்னடம் தெரியாதுன்னு நீங்க சொல்லியிருக்கணும்."

"அவங்க தமிழ்ல கேட்டாங்களே, அதுலயே தெரியலையா? கையை ஆட்டியாவது சொல்லியிருக்கலாம்."

"என் கையில ஊசி இருந்தது."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். தாரணி கட்டில் பக்கம் பார்த்தாள். "வந்ததுதான் வந்தேன். இன்னிக்கே ரெண்டாவது தடவை குத்திடுங்களேன்."

"பல்லைக் கடிச்சுட்டு நிக்கிற உடம்புல குத்தினா ஊசிதான் வளையும். சனிக்கிழமை வாங்க." அவள் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதைமேட்டில் தன் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். அவளுக்கு முழங்கை வரை விர்ரென்றது. "வண்டியில போகும்போது இங்க அழுத்திட்டுப் போங்க. விட்டு விட்டு. கண்ணோரத்துல வெளிச்சம் தெரிஞ்சா உடனே அழுத்துங்க, மாத்திரையும் போடுங்க. அப்புறம், தனியா வாங்க."

மெட்ரோவில் அழுத்திக்கொண்டே வந்தாள். விட்டு விட்டு அழுத்தச் சொன்னதை மறந்து அழுத்தியதில் நகம் பதிந்து பிறை மாதிரி தடம் விழுந்தது.

வீட்டில் பாலகுமார் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தகுமாரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாரணி டிவியை அணைத்தாள்.

"அவர் சொன்னது கன்னடம். 'இவரிகெ இது சாக்கு'ன்னு சொல்லியிருக்காரு."

பாலகுமார் ஒரு கணம் விழித்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். சோபாவில் சாய்ந்து, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "அம்மா! சாக்குன்னா கன்னடத்துல போதும்னு அர்த்தம்மா. நாலு ஊசி போதும்னு சொல்லியிருக்காரும்மா!"

சாந்தகுமாரியின் கையில் கீரைத் தண்டு நின்றது. மகன் முகத்தையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து ஒரு பொய் சொல்லக்கூடியவர்கள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் எதிலும் சேர்ந்ததில்லை.

"சிரிப்பை நிறுத்துடா. என்ன ஊருடா இது. ஒருத்தி பன்னிங்கிறா, ஒருத்தன் சாக்குங்கிறான். அப்ப நான் பொய்க்காரி ஆயிட்டேனா?"

"பொய் சொல்லலை அத்தை. உங்களுக்கு என்ன கேக்கணுமோ அது கேட்டிருக்கு."

"ஆமா, கேக்கணும்னுதான் இருந்தேன்!" கீரை முறத்தைத் தள்ளினாள். "காலையில கதவைச் சாத்திட்டுப் போனீங்கன்னா, ஏன்னு கேக்க நாதி உண்டா? கேஸ்காரன் வந்து கத்துறான், என்ன கத்துறான்னு தெரியலை. கீழ இருக்கிறவ சிரிச்சா எதுக்குச் சிரிக்கிறான்னு தெரியலை. வாயிருந்தும் ஊமையா உக்காந்திருக்கேன். நீ வீட்ல இருக்கிறது ஞாயித்துக்கிழமை ஒண்ணு. அன்னிக்கும் கதவைச் சாத்திக்கிற."

தாரணி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் இளகவும் இல்லை.

"அப்ப தனியா இருக்க முடியலைன்னு சொல்லுங்க. என் தலைவலியை ஏன் பொய்யாக்குறீங்க?"

"சொன்னா? சொன்னா வேலையை விட்டுடுவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

நியாயமான கேள்விதான் என்று தாரணிக்குத் தோன்றியது. அதுவே எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு கணவன் பக்கம் திரும்பினாள். பாலகுமாரின் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது.

"அவங்களுக்குக் கன்னடம் தெரியாது. உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்ன?"

"அவருக்குத் தமிழ் வருமான்னு நீங்கதானே முதல்ல கேட்டீங்க? சந்தேகம் வந்துச்சுல்ல? சுனில் சாருக்குக் காலங்காத்தால போன் போட்ட கை, அந்த வைத்தியருக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலையே? போர்டுல நம்பர் இருக்கு. கேட்டா வேற பதில் வந்துடுமோன்னு பயமா?"

சிரிப்பின் மிச்சம் போய்விட்டது. "உன் நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதை எங்கிட்ட கேக்காம என் மேஸ்திரிகிட்ட சொன்னீங்களா?"

"ஏன்டா, போன் போட்டுச் சொல்லிட்டியா?" என்றாள் சாந்தகுமாரி. அவளுக்கு இது புதிது. "எங்கிட்டயும் சொல்லலையே."

"நீங்கதானேம்மா வேலையை விடச் சொல்லுன்னு..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். உனக்கு எங்க போச்சு புத்தி? ஊசி குத்தி முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு நீதானே பெரிசா பேசின? ஒரு ஊசிக்குள்ள ஓடிப் போய்ச் சொல்லிட்டு வந்திருக்க."

ஆதரவாக இருக்குமோ என்று தாரணி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். இல்லை. தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டான் என்ற ஆத்திரம்தான் அது. எப்படியிருந்தாலும் அந்த நேரத்துக்கு உதவியது.

"இப்ப போன் போடுங்க" என்றாள் தாரணி. "எங்க எதிர்ல. ஸ்பீக்கர்ல. நான் சொன்னது தப்பு, அவ வேலையை விடலைன்னு சொல்லுங்க."

"நாளைக்கு நீயே போய்ச் சொல்லேன்."

"நிறுத்தினது நீங்க. நீங்கதான் எடுத்து விடணும். தினம் லிப்டுக்குச் செய்யறதுதானே?"

பாலகுமார் அம்மாவைப் பார்த்தான். அவள் கீரையைப் பார்த்தாள். அவன் போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார் என்று அவன் முகம் தெளிய ஆரம்பித்தபோது சுனில் எடுத்தார். பாலகுமார் கன்னடத்தில் மென்று விழுங்கினான். வீட்டில் பேசி முடிக்கும் முன் அவசரப்பட்டுவிட்டேன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றான். சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் பேசப் பேச நிமிர்ந்து சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான்.

"அவங்க இருக்காங்களா? அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க" என்றார் சுனில்.

தாரணி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "பிடல்லா சார். நாளெ பர்த்தீனி."

"சரி, சீக்கிரம் வாங்க" என்றார் அவர். வைத்துவிட்டார்.

பாலகுமார் எழுந்து பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுக்க ஆரம்பித்தான். அவன் வழக்கமாகச் செய்யாத வேலை அது. தாரணி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, மாமியார் பக்கம் திரும்பினாள்.

"வேலையை விடலை, நாளைக்கு வரேன்னு சொன்னேன் அத்தை."

"அது எனக்கே புரிஞ்சுது" என்றாள் சாந்தகுமாரி. "நாளைக்குத்தானே போற. இன்னிக்கு வந்து இந்தக் கீரையை ஆயி."